பிஸ்கற் ரின்னுக்குள் ஓடிய கார்கள்

ரொறன்ரோவிலிருந்து ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அவர் தனியாகப் போவதில்லை. நகரத்தின் பாதி அவருடைய சூட்கேசுக்குள் ஏறிக்கொண்டு போகும். டிக்கற் எடுத்த செய்தி காதில் விழுந்த அன்றே வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஒருத்தி தாய்க்கு மூட்டுவலித் தைலம் கொடுப்பாள். ஒருவர் தமையனுக்குச் சவரம் செய்யும் மெஷின் கொடுப்பார். இன்னொருவர் யாருக்கென்றே சரியாகச் சொல்லாமல் ஒரு சோடி சப்பாத்தைக் கொடுத்துவிட்டு, "அங்கை ஆள் வந்து எடுக்கும்" என்பார். ஆனால் எல்லோரும் தவறாமல் கொடுப்பது ஒன்று உண்டு. வட்டமான நீலத் தகர ரின்னில் வரும் பட்டர் பிஸ்கற். அதே ரின் கொழும்பில் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் சொல்லக்கூடாது. பிள்ளை கனடாவிலிருந்து அனுப்பிய பிஸ்கற்றுக்கு ருசி வேறு.

குணவதியும் ஒரு ரின் வாங்கித்தான் வைத்திருந்தாள். வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவுக்கு. கொண்டுபோகப் போகிறவள் பக்கத்து நகரம் பிறம்ரனில் இருந்த, தெரிந்த பிள்ளை ரதி. தம்பியின் கல்யாணத்துக்காக வெள்ளிக்கிழமை பின்னேரம் பறக்கிறாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு, கோடை முடிகிற நேரம் அது.

குணவதிக்கும் அவள் கணவர் இராஜரட்ணத்துக்கும் மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதியோரத்துக் கடைத்தொகுதி ஒன்றில் படம் கழுவிக் கொடுக்கும் கடை இருந்தது. கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் படம் எடுக்கப் போவது இராஜரட்ணம். கடையில் நின்று படம் கழுவுவது, அச்சடிப்பது, வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவது குணவதி. இராஜரட்ணம் கமராவைத் தூக்கினால் கலைஞர். கமராவைக் கீழே வைத்துவிட்டால் கைக்குழந்தை. வான் வண்டியின் திறப்புச் சாவியை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதில் அவரை வெல்ல மில்லிக்கனில் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைவாசலில் இடி இடித்தது போல ஒரு சத்தம். பக்கத்துப் பலசரக்குக் கடை மஸூர் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு கார் வந்து நின்றது. முன்பக்கம் நிலத்தோடு பதிந்து, கூரை ஒரு சாண் வெட்டிக் குறைக்கப்பட்டு, எஞ்சினுக்கு மூடியே இல்லாமல் எல்லாக் குழாய்களும் வெளியே தெரிய, பார்த்தால் உடுப்புப் போட மறந்து வந்த கார் மாதிரி இருந்தது. அதிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் ஒருவர், கதவைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, ஒருவாறு வெளியே வந்தார். அவர் பெயர் வேர்ண். ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் வீடு. கையில் ஒரு நீல பிஸ்கற் ரின்.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். குணவதியின் மனத்தில் அது தமிழாகித்தான் படிந்தது. அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ரின்னுக்குள் ஸ்லைட்டுகள். சின்னச் சதுர மட்டைக்குள் ஒரு துண்டுப் பிலிம் இருக்குமே, வெளிச்சத்துக்குப் பிடித்தால் படம் தெரியுமே, அது. குணவதி ஒன்றை எடுத்து லைற் பெட்டியில் வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரச் சற்று நேரம் ஆனது. செக்கச் சிவந்த ஒரு கார், அதற்குப் பின்னால் கழுவித் துடைத்த நீல வானம், காரின் கண்ணாடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பையன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய படம். நேற்றுக் காலை எடுத்தது போல நிறம் மங்காமல் இருந்தது. அவள் தினமும் கழுவும் படங்கள் அவ்வளவு காலம் இருந்தால் மாம்பழத் தோல் நிறத்துக்கு வந்துவிடும்.

"எல்லாம் என் மனைவி லோயிஸ் எடுத்தவை," என்றார் வேர்ண். "நாங்கள் அப்போது பெடியன்கள். பழைய இரும்புக் கடையில் கிடக்கிற காரை வாங்குவோம், கூரையை வெட்டுவோம், பொருந்தாத பெரிய எஞ்சினைப் பொருத்துவோம். கைவிடப்பட்ட ஓடுபாதை ஒன்றில் இரண்டு இரண்டாக நிறுத்தி ஓட்டுவோம். கால் மைல். அவ்வளவுதான் போட்டி."

மற்றவர்கள் எடுத்தால் கறுப்பு வெள்ளை. லோயிஸ் மருந்துக்கடை ஒன்றில் பிலிம் விற்கும் பகுதியில் வேலை செய்தவர். வேலையாட்களுக்குக் குறைந்த விலை. அதனால் அவரிடம் மட்டும் எப்போதும் கலர் பிலிம் இருந்தது.

பிறகு வேர்ண் வந்த காரியத்தைச் சொன்னார். லோயிஸின் கண் போகிறது. முழுக்க இருட்டாகாது, ஓரம் தெரியும், நடுப்பகுதி மறையும். எதை நேரே பார்க்கிறாரோ அதுதான் தெரியாமல் போகும். முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு புகை. பனி கொட்டத் தொடங்குவதற்குள் இப்போது இருப்பதும் போய்விடும் என்று டொக்ரர் சொல்லிவிட்டார். திரையில் போட்டுக் காட்டினால் மங்கல், சின்னப் படம் கண்ணுக்கு எட்டாது. பெரிய படமாக, கையில் பிடித்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கிற அளவுக்கு வேண்டும்.

"இதற்கு வேறு பிரதி இருக்கிறதா?" என்று குணவதி கேட்டாள்.

"இல்லை. இதுதான்."

ஸ்லைட்டை முதலில் திரும்பப் படம் பிடித்து, நெகற்றிவ் ஆக்கி, பிறகு பெரிதாக்க வேண்டும். அவசரத்தில் செய்யும் வேலை அல்ல. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஆறுதலாகச் செய்யலாம் என்று குணவதி ரின்னை மூடி, தூசு போகாமல் சுற்றிவர ரேப் ஒட்டி, கவுண்டருக்குக் கீழே வைத்தாள். அங்கே அம்மாவின் பிஸ்கற் ரின்னும் இருந்தது. அதற்கும் ரேப் ஒட்டித்தான் வைத்திருந்தாள், வழியில் திறந்துகொள்ளாமல்.

வியாழக்கிழமை இராஜரட்ணத்துக்குப் பிறம்ரனில் ஒரு பிறந்தநாள். புறப்படும்போது குணவதி மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டே குரல் கொடுத்தாள். "என்னப்பா, கவுண்டருக்குக் கீழை இருக்கிற ரின்னை ரதியிட்டைக் குடுத்துவிடுங்கோ."

"ஓம் ஓம்."

இரண்டு ரின் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. இரண்டு ரின் இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை. வான் வண்டியில் போகும்போது ரின் கிலுகிலுவென்று சத்தம் போட்டதாம். பிஸ்கற் உடைந்துபோச்சு, மாமிக்கு உடைஞ்ச பிஸ்கற்றோ போகப்போகுது என்று கவலைப்பட்டுக்கொண்டே போனாராம் மனிதர். இது பிறகு அவரே சொன்னது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பவும் அந்த இடிச் சத்தம். வேர்ண் வந்தார். எந்தப் படத்தை முதலில் பெரிதாக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போக வந்தாராம். குணவதி ரின்னை எடுத்துக் கவுண்டரில் வைத்து, ரேப்பைக் கிழித்து, மூடியைத் திறந்தாள்.

வெள்ளைக் கடதாசிக் கிண்ணங்களில் பிஸ்கற்றுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"ஓ, நன்றி," என்று வேர்ண் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

குணவதி கவுண்டருக்குக் கீழே குனிந்தாள். வேறு ரின் இல்லை. அடுக்குகளைத் தள்ளினாள், குப்பைக் கூடையைக்கூடப் பார்த்தாள். பிறகு எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. யார் என்ன செய்திருப்பார் என்பது கண்ணுக்கு முன்னால் படமாக ஓடியது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை புளியமரத்தில் அந்நிய மனிதரையும் அல்லவா ஏற்றிவிட்டார்?

பிறம்ரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வழியனுப்ப வீடே கிளம்பிப் போயிருக்கும். இராஜரட்ணம் வானோடு ஏதோ கல்யாண மண்டபத்தில் நிற்கிறார். அங்கே ஆளைக் கூப்பிட வழியில்லை.

திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லலாம். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். கொழும்புக்குப் போன ரின்னை யாராவது திரும்பி வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். அது ஒரு மாதமோ இரண்டு மாதமோ. அங்கே அம்மா அதைத் திறந்து, இதென்ன குப்பை என்று எறியாமல் இருக்கவேண்டும். வாய்வரை வந்துவிட்டது பொய்.

வேர்ண் பிஸ்கற்றை மென்றுகொண்டே சொன்னார்: "லோயிஸ் இப்போது பழகுகிறாள். தலையைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் பார்க்கப் பழகுகிறாள். இந்தப் படங்களுக்காகத்தான்."

குணவதியின் கல்யாண அல்பம் எண்பத்தேழில் ஷெல் விழுந்த வீட்டோடு போனது. ஊரெல்லாருக்கும் கல்யாணப் படம் எடுத்துக் கொடுக்கும் இராஜரட்ணத்துக்குத் தன் கல்யாணத்தின் படம் ஒன்றில்லை. அந்தக் கல்யாணம் நடந்ததற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அவர்தான், அவருக்கோ ஞாபகசக்தி அப்படி. இல்லாமல் போன படம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

வேர்ண் மெல்லுவதை நிறுத்தினார். மீதிப் பிஸ்கற்றைக் கவுண்டரில் வைத்தார்.

"விமானம் எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு."

"காரில் ஏறுங்கள்."

குணவதி கடையைப் பூட்டிக்கொண்டு, "மஸூர் நானா, கடைப் பக்கம் ஒரு கண் வச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். மஸூர் தலையை ஆட்டினார். அவருடைய இரண்டு கண்ணும் காரில்தான் இருந்தன. அவள் கையில் பிஸ்கற் ரின்னும் இருந்தது. போகிறதுதான் போகிறோம், அம்மாவின் ரின்னையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். வீடு எரிந்தாலும் பார்சலை மறக்காத சனம் நாங்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நெடுஞ்சாலையில் ஏறினால் இந்த எஞ்சின் கொதித்துவிடும் என்றார் வேர்ண். ஸ்ரீல்ஸ் வீதியாலேயே மேற்கே பிடித்தார். முதல் சிவப்பு விளக்கில் நின்றார்கள். பக்கத்தில் ஒரு இளைஞன் கண்ணாடியை இறக்கி, காரைப் பார்த்துச் சிரித்து, தன் காரை உறுமவிட்டான். வேர்ண் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்குப் பச்சையானதும் குணவதியின் முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டது. பிஸ்கற் ரின் வயிற்றுக்குள் புகுந்தது. நல்லூர்க் கந்தனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். கந்தன் வருவதற்குள் அடுத்த சிவப்பு விளக்கு வந்துவிட்டது. கார் நின்றது. பக்கத்தில் அதே இளைஞன் ஆறுதலாக வந்து நின்று திரும்பவும் சிரித்தான்.

ஸ்ரீல்ஸ் வீதி முழுக்க அப்படித்தான். புறப்பட்டால் புயல், ஒரு கூப்பிடு தூரம் போனால் சிவப்பு. கால் மைலில் யாரையும் வெல்லக்கூடிய அந்தக் காரை, பேக்கரிப் பாண் ஏற்றிய லொறி ஒன்றுகூட ஒவ்வொரு விளக்கிலும் எட்டிப் பிடித்தது. குணவதி அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். ஒரு கண் மணிக்கூட்டில், ஒரு கண் வீதியில்.

அவர் ஏசினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு இருந்தது. அவர் ஏசவில்லை. விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் லோயிஸைப் பற்றியே சொன்னார்.

"எல்லோரும் கார் ஓடும்போது படம் எடுப்பார்கள். புகைதான் விழும். லோயிஸ் புறப்படுகிற கோட்டுக்கு வந்து நிற்பாள். அங்கே நிற்க விடமாட்டார்கள். ரயர் துண்டுகள் பறக்கும். இவள் கேட்கமாட்டாள். கொடி விழுவதற்கு முதல் கணம் எடுப்பாள். அப்போதுதான் காருக்குள் இருப்பவனின் முகத்தில் உண்மை இருக்கும் என்பாள்."

"உங்களையும் எடுத்திருக்கிறாரா?"

"ஒரு படம். அதைக் காட்டத்தான் இன்றைக்கு வந்தேன்."

குணவதி மடியிலிருந்த ரின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் ரதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. எங்கே தமிழ்ச் சத்தம் கேட்கிறதோ, எங்கே சூட்கேஸ் நிலத்தில் மல்லாந்து கிடக்கிறதோ அங்கே போனால் போதும். நிறை கூடியிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, ரதி நிலத்தில் முழங்காலில் இருந்து யாரோ கொடுத்த சப்பாத்தை வெளியே எறிந்துகொண்டிருந்தாள். வேர்ண் ஒரு தூணோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒதுங்கி நின்றார்.

"ரதி," என்றாள் குணவதி மூச்சு வாங்க. "என்ரை மனிசன் நேற்றுத் தந்த ரின் எங்கை?"

ரதி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. சுற்றிவரப் பார்த்துவிட்டு எழுந்து, குணவதியின் கையைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, கோவியாதேங்கோ. ரின்னோடை கொண்டுபோனால் நிறை எண்டு எல்லாற்றை பிஸ்கற்றையும் கழட்டிப் பையிலை போட்டனான். உங்கடையைத் திறந்தால் உள்ளுக்கை பிலிம். ஒண்டை லைற்றிலை பிடிச்சுப் பாத்தன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ரன்வே அக்கா. அங்காலை பிளேன் நிக்குது. இஞ்சாலை புகை. ஹெல்மற் போட்ட ஆக்கள் வரிசையா நிக்கினம். எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு."

குணவதிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சண்டை நடந்த அந்த வருஷம், இயக்கத்துக்கு ஆளோ என்று சந்தேகப்பட்டு, கொழும்பில் தமிழர் இறங்கினால் பையைக் கொட்டித் தையலைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஓடுபாதைப் படங்களைப் பிஸ்கற் ரின்னில் மறைத்து, ரேப்பும் ஒட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறார் இராஜரட்ணம்.

"உதோடை நான் கட்டுநாயக்காவிலை இறங்கினால் என்ரை கதி என்ன? தம்பியின்ரை கலியாணத்தை நான் கம்பிக்குள்ளாலைதான் பாக்கவேணும்."

"ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கலாமே ரதி?"

"போனிலை கேக்கிற கதையே அக்கா உது? அண்ணை ஆருக்கு என்னத்தை அனுப்புறார் எண்டு நான் ஏன் கேப்பான். தெரியாமல் இருக்கிறது நல்லது எண்டு விட்டிட்டன்."

"இப்ப அது எங்கை?"

"மாமாட்டைக் குடுத்து எறியச் சொன்னனான்."

மாமா என்றால் ரதியின் கணவனைப் பெற்ற பொன்னம்பலம். ஊரிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது. அந்தக் கோடை வெயிலிலும் பெரிய குளிர்க் கோட்டைப் போட்டுப் பொத்தானெல்லாம் பூட்டிக்கொண்டு ஓரத்து வாங்கு ஒன்றில் உட்கார்ந்திருந்தார். ரதியும் குணவதியும் அவரிடம் போனார்கள்.

"மாமா, அந்தப் பிலிமுகளை என்ன செய்தனீங்கள்?"

பொன்னம்பலம் தன் சப்பாத்தைப் பார்த்தார். "நீர் சொன்னபடிதான் பிள்ளை. எறிஞ்சாச்சு."

எங்கே எறிந்தார், எந்தத் தொட்டி, குப்பை லொறி எப்போது வரும் என்று கேட்கக்கூடக் குணவதிக்குத் தோன்றவில்லை. தூணோரம் நின்ற மனிதரைப் பார்த்தாள். அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அங்கே நடந்துபோய் அதைச் சொல்ல வேண்டும். தன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தூரத்தை அவள் நடந்ததில்லை. பாதி வழி போயிருப்பாள். பின்னால் யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

பொன்னம்பலம். ரதி சூட்கேசுப் பக்கம் திரும்பிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருக்கால் இஞ்சாலை வாரும் பிள்ளை," என்று தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்று கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே, நெஞ்சோடு, ஒரு துவாய்ப் பொட்டலம். துவாய்க்குள் ஷொப்பிங் பை. பைக்குள் ஸ்லைட்டுகள். ஒன்றுகூட மடியாமல், மட்டைச் சட்டங்கள் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி, றப்பர் வளையம் போட்டு.

"எறியச் சொன்னவள்தான். நானும் குப்பைத் தொட்டி மட்டும் கொண்டு போனனான். போடமுந்தி ஒண்டைப் பாத்தன். ஒரு பெடியன்ரை முகம். அடுத்ததைப் பாத்தன், அதிலையும் ஆரோ ஒரு தாய் பெத்த பிள்ளை." பொன்னம்பலம் மூக்கைத் துடைத்தார். "முகம் இருக்கிறதை எப்பிடிப் பிள்ளை எறியிறது? நான் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை காணி உறுதிப் பத்திரத்தைத்தான் தேடி எடுத்தன். என்ரை மனிசியின்ரை படம் சுவரிலை தொங்கினது. அதைக் கழட்ட நினைப்பு வரேல்லை. காணி உறுதி இப்பவும் பெட்டிக்குள்ளை கிடக்குது. அவளின்ரை முகம்தான் இல்லை."

குணவதி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உம்மடை மனிசன் வழியனுப்ப வருவார், அவரிட்டைக் குடுப்பம் எண்டு கோட்டுக்கை வச்சுக்கொண்டு இருந்தனான். ரதியிட்டைச் சொல்லிப்போடாதையும். ரின் மட்டும் வீட்டிலை இருக்குது. நல்ல ரின். பருப்புப் போட்டு வைக்கலாம்."

போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது உடம்பில் எந்த வழியால் வரும் என்று குணவதி அன்று கண்டுகொண்டாள். முழங்காலால் வந்தது. முழங்கால் மடிந்து ஒரு தள்ளுவண்டியில் அப்படியே இருந்துவிட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் ஓடியது. பொன்னம்பலம் பதறிப்போய்த் துவாயை நீட்டினார்.

வேர்ண் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டார், எழுபது வயதில், அத்தனை சனத்துக்கும் நடுவில். ஒவ்வொன்றாக எடுத்துக் கூரை விளக்குக்கு நேரே பிடித்தார். ஒன்றைப் பிடித்தவர் வெகுநேரம் இறக்கவில்லை. அதைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் பூட்டினார். எழுந்து பொன்னம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியதை விட மறந்துபோனார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் நிறையப் பேசினார்கள்.

என்ன நடந்தது என்று குணவதி விளக்கியதும் வேர்ண் தொடையில் அடித்துச் சிரித்தார். "அந்தப் பெண் சொன்னது சரி. அது விமானப்படையின் பழைய ஓடுபாதைதான்."

இதற்குள் எல்லாம் கண்டுகொண்ட ரதிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, அவள் மாமாவை ஏசவும் மறந்து நெஞ்சில் கையை வைத்தாள். "பாத்தியளே அக்கா. நான் சொன்னனான்." பிறகு அம்மாவின் பிஸ்கற்றைத் தானே கேட்டு வாங்கி, ரின்னைக் கழற்றிப் பொன்னம்பலத்திடம் எறிந்துவிட்டு, பையோடு சூட்கேசுக்குள் திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இராஜரட்ணமும் குணவதியும் சேர்ந்துதான் ஸ்லைட்டுகளைப் படம் பிடித்தார்கள். இராஜரட்ணம் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் அமைதி என்று குணவதி நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு ஸ்லைட்டையும் அவர் பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குவதைக் கண்டதும் ஏசவென்று சேர்த்து வைத்திருந்த சொற்கள் மறந்துபோயின. லோயிஸ் எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அவர் கடைசியாக ஒன்று சொன்னார். "உந்த மனிசி என்னைவிட நல்லா எடுத்திருக்குது." அவரிடமிருந்து அது லேசில் வராத பேச்சு.

அடுத்த கிழமை லோயிஸே வந்தார். குள்ளமான மனுஷி, செம்மஞ்சள் உதட்டுச்சாயம், வேர்ணின் முழங்கையைப் பிடித்த கை. பெரிதாக்கிய படங்களைக் குணவதி யன்னலோரம் மேசையில் பரப்பிவைத்தாள். லோயிஸ் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கோழி பார்ப்பது போலத் தலையைப் பக்கவாட்டில் சரித்து, ஓரக்கண்ணால் பார்த்தார்.

"சிவப்பு," என்றார். "இது ஆர்த்தரின் கார். இரவல் எஞ்சின்." அடுத்ததை எடுத்தார். "இதில் என் விரல் விழுந்திருக்கிறது." சிரித்தார். நிறங்கள் எல்லாம் தெரிந்தன. வானம் தெரிந்தது. புகை தெரிந்தது.

பிறகு அந்தப் படம் வந்தது. மஞ்சள் காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி, கன்னத்தில் கிறீஸ் பூசிய இளம் வேர்ண். குணவதி அதை மற்றவற்றைவிடப் பெரிதாக அடித்திருந்தாள். லோயிஸ் அதை இடப்பக்கம் கொண்டுபோனார், வலப்பக்கம் கொண்டுபோனார், மூக்குக்குக் கிட்ட, பிறகு தூர. காரைக் கண்டுகொண்டார் என்பது தெரிந்தது. முகம் அகப்படவில்லை. பிந்திவிட்டோமோ என்று குணவதி நினைத்தாள்.

"வெளியிலை வெளிச்சம் கூட," என்றார் இராஜரட்ணம், கதவைத் திறந்துவிட்டு.

கார்கள் நிறுத்தும் இடத்தில், நல்ல வெயிலில், லோயிஸ் படத்தை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது. தலையும் நின்றது.

"இதோ இருக்கிறாய்," என்றார்.

லோயிஸ் கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தார்.

"வேர்ண், நீ பயந்திருக்கிறாய்."

"எங்கே?"

"இங்கே. வாயைப் பார். இத்தனை வருஷம், ஒருநாளும் பயந்ததில்லை என்று எத்தனை பேருக்குச் சொன்னாய். எனக்கும் சொன்னாய்."

வேர்ண் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "பயம்தான்," என்றார். "ஒவ்வொரு முறையும்."

"இப்போது?"

அவர் தலையை ஆட்டினார். லோயிஸுக்கு அது தெரியாது என்ற நினைவு வந்ததும், "இப்போதும்தான், லோயிஸ்," என்று வாய்விட்டுச் சொன்னார்.

லோயிஸ் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு எத்தனை மாதமாக உள்ளே நின்றதோ. மற்றக் கையால் துழாவி வேர்ணின் சட்டையைப் பிடித்தார்.

"அதை முதலே சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கேட்டார். "நானும் சொல்லியிருப்பேனே."